மடக்கு கத்திக்கும் துப்பாக்கிக்கும் எந்த ஆயில்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே ஆயிலை வாங்கி கத்திக்கும் துப்பாக்கிக்கும் போட்டா சரியா வருமா?

வரும். ஒரு மடக்கு கத்தி, ஒரு துப்பாக்கின்னு வெச்சிருக்கவங்களுக்கு நல்ல சிஎல்பி ஒரு சின்ன பாட்டில் போதும், வருஷக்கணக்கா ஓடும். சிஎல்பின்னா க்ளீனர், லூப்ரிகன்ட், பிரிசர்வேடிவ், அதாவது அழுக்கை எடுக்கறது, வழுக்க வைக்கறது, துருவை தடுக்கறது மூணும் ஒரே பாட்டில்ல. அமெரிக்க ராணுவம் இதுக்குன்னே மில்-பிஆர்எஃப்-63460ன்னு ஒரு ஸ்பெக் வெச்சிருக்கு, அந்த நம்பர் லேபிள்ல இருந்தா தைரியமா வாங்கலாம். ஆனா இந்த மூணும் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கற வேலை. அழுக்கை கரைக்கணும்னா ஆயில் தண்ணியா இருக்கணும், துருவை தடுக்கணும்னா படலமா ஒட்டி நிக்கணும், ரெண்டு பாகம் அழுத்தி உரசற இடத்துல பிழிஞ்சு வெளிய ஓடிடாம இருக்கணும். அதனால சிஎல்பி மூணையும் ஓரளவுக்கு நல்லா பண்ணும், எதுலயும் முதல் மார்க் வாங்காது. எந்த பிராண்டு பெஸ்ட்டுன்னு கேக்கறதுக்கு முன்னாடி இந்த மூணுல எனக்கு எந்த வேலை ஆகணும்னு யோசிச்சா பாதி குழப்பம் அங்கயே தீர்ந்துடும், மீதி பாதி எங்க போடணும், எங்க போடக்கூடாதுங்கறதுல இருக்கு.

டபிள்யூடி-40 வீட்டுல இருக்கு, அது போதாதா?

போதும்னு ஒரு கட்சி, ஆகவே ஆகாதுன்னு ஒரு கட்சி இருக்கு, ரெண்டுமே கொஞ்சம் ஓவரா பேசுவாங்க. டபிள்யூடின்னா வாட்டர் டிஸ்ப்ளேஸ்மென்ட், தண்ணியை தள்ளி விடறது. 1953-ல சான் டியகோவுல ராக்கெட் கெமிக்கல் கம்பெனின்னு ஒரு சின்ன நிறுவனம் அட்லஸ் ஏவுகணையோட வெளித்தோல் துரு பிடிக்காம இருக்க பண்ணினது. அதுல பெரும்பகுதி ஆவியாகிப் போற சால்வென்ட் (கரைப்பான்), கொஞ்சம்தான் ஆயில். நனைஞ்ச கத்தியில இருந்து ஈரத்தை விரட்ட, இறுகிப் போன பழைய பிசுக்கை இளக்க அருமையான சாமான். ஆனா சால்வென்ட் பறந்ததுக்கு அப்புறம் மிஞ்சற படலம் ரொம்ப மெலிசு, கத்தியோட பிளேடு சுழலற அச்சான பிவட்லயோ, பிஸ்டலோட மேல்பாகம் முன்னும் பின்னும் ஓடற ஸ்லைடு ரெயில்லயோ நாள் கணக்கா நிக்காது. அடிச்சு துடைச்சுட்டு அதுக்கு மேல உண்மையான ஆயில் ஒரு சொட்டு போடுங்க, பிரச்சனை முடிஞ்சுது. லோடு பண்ணின துப்பாக்கி மேலயோ தோட்டா மேலயோ மட்டும் அடிச்சுடாதீங்க, ஏன்னு கீழ வருது.

மடக்கு கத்திக்கு மட்டும்னா எது நல்லது?

தையல் மெஷின் ஆயில். சும்மா சொல்லல, அது சுத்தமான லேசான மினரல் ஆயில், கலர் இல்ல, வாசனை பெருசா இல்ல, பிசின் மாதிரி கட்டாது. மடக்கு கத்தியோட பிவட்ல வர்ற லோடு ரொம்ப கம்மி, வேகமும் கம்மி, சூடே கிடையாது, அதனால விலை உயர்ந்த பிவட் ஆயில் வாங்கினாலும் பெருசா வித்தியாசம் தெரியாது. அந்த பாட்டில்கள்ல நான் மதிக்கற ஒரே விஷயம் ஊசி மாதிரி மூக்கு, ஒரு குட்டி சொட்டு எங்க வேணுமோ அங்க விழும். ஊசி மூக்கு பாட்டில் தனியா கிடைச்சா உள்ள தையல் மெஷின் ஆயில ஊத்திக்கிட்டாலும் அதே வேலை நடக்கும், இல்லன்னா பல்குத்தற குச்சி நுனியில தொட்டு வைக்கலாம். 3-இன்-ஒன் ஆயிலும் பரவால்ல, 1894-ல சைக்கிளுக்காக வந்தது, சுத்தம் பண்றது, வழுக்கறது, துரு தடுக்கறதுன்னு அதே மூணு வேலைதான் பேர்லயே இருக்கு.

கத்தியில சரியா எங்க போடணும், எவ்வளவு?

இதுதான் முக்கியமான கேள்வி, நிறைய பேர் கேக்க மாட்டாங்க. முதல்ல கத்தியை திறந்து உள்ள இருக்கற நூல் தூசி, பஞ்சு, மண்ணெல்லாம் எடுங்க. சோப்பு போட்ட வெதுவெதுப்பான தண்ணியில ஸ்டெயின்லெஸ் கத்தியை நல்லா திறந்து மூடி அலசலாம், தப்பே இல்ல, ஆனா மூலை முடுக்கெல்லாம் ஈரம் போற வரைக்கும் காய வைக்கணும். அப்புறம் பிளேடும் கைப்பிடியும் சேர்ற இடத்துல ரெண்டு பக்கமும் ஒவ்வொரு சொட்டு, பத்து தடவை திறந்து மூடினா வாஷர் வரைக்கும் தானா இழுத்துக்கும், வெளிய வழிஞ்சதை துடைச்சுடுங்க. துடைக்காம விட்டா பாக்கெட்ல இருக்கற பஞ்செல்லாம் அதுல ஒட்டி ரெண்டு வாரத்துல அரைக்கற பேஸ்ட் ஆகிடும். ஸ்பிரிங் அழுத்தற பழைய பாணி சிலிப்ஜாயிண்ட் கத்தின்னா பிளேடோட அடிப்பாகம் ஸ்பிரிங் மேல உரசுற இடத்துலயும் ஒரு தொடுதல் வேணும், அங்கதான் உண்மையான தேய்மானம்.

திறந்த பிளேடை கைப்பிடியில இருந்து ஒரு தகடு முட்டி நிறுத்தற லைனர் லாக், ஃபிரேம் லாக் கத்தியில ஒரு எச்சரிக்கை. லாக் போய் பிளேடை முட்டி நிக்கற அந்த முகத்துல ஆயில் போடாதீங்க. அந்த லாக் நிக்கறதே உராய்வுல. வழவழன்னு ஆச்சுன்னா அழுத்தி வெட்டும்போது நழுவி விரல் மேல மூடற ஆபத்து இருக்கு. லாக் ஒட்டிக்கிட்டு விடவே மாட்டேங்குதுன்னா பென்சிலால அந்த முகத்துல ரெண்டு கோடு கிழிச்சு பாருங்க, பெரும்பாலும் சரியாகிடும். பிளேடு மூடியிருக்கும்போது பிடிச்சு வைக்கற சின்ன உருண்டை ஓடற பாதையில மட்டும் துளி ஆயில் வெக்கலாம். பால் பேரிங் வெச்ச கத்திக்கு கிரீஸ் வேணாம், திறக்கற வேகம் போயிடும், குப்பையையும் உள்ள பிடிச்சு வெச்சுக்கும்.

அந்த கத்தியாலயே பழமும் வெட்டறேன், பரவால்லையா?

அப்ப உணவுத்தர மினரல் ஆயில் மட்டும். வெட்டுப்பலகைக்கு தடவறது, மெடிக்கல்ல மலமிளக்கியா விக்கறது எல்லாம் இதே குடும்பம்தான். பிவட்ல எந்த ஆயில் போட்டாலும் அது பிளேடு மேல ஊர்ந்து வரும், அதை மறந்துடாதீங்க.

சமையல் எண்ணெய், தேங்காய் எண்ணெய் போட்டா என்ன?

பிளேடு மேல தற்காலிகமா தடவறதுக்கு ஒண்ணும் ஆகாது, பிவட்ல போடாதீங்க. பெரும்பாலான தாவர எண்ணெய்ல இரட்டைப் பிணைப்பு இருக்கற கொழுப்பு அமிலம் நிறைய, காத்துல இருக்கற ஆக்ஸிஜனோட சேர்ந்து ஒண்ணோட ஒண்ணு பின்னி கெட்டியாகிடும். பழைய வாணலியோட வெளிப்பக்கம் ஒரு மஞ்சப் பிசுக்கு சுரண்டவே வராம இருக்கும்ல, அதே சமாச்சாரம் உங்க பிவட்டுக்குள்ள நடக்கும். தேங்காய் எண்ணெய்ல நிறைவுற்ற கொழுப்பு கிட்டத்தட்ட 90 சதவீதம், அதனால அவ்வளவு சீக்கிரம் பிசினாகாது, ஆனா 24 டிகிரி செல்சியஸுக்கு கீழ போனா உறைஞ்சுடும், நாளாச்சுன்னா சிக்கு வாடை வேற. ஜப்பான்ல வாள், தச்சு உளிக்கெல்லாம் கமேலியா விதை எண்ணெய் தடவுவாங்க, அது ஒலிக் அமிலம் மிகுந்த, சுலபமா காயாத எண்ணெய், அதுலயும் பழசை துடைச்சுட்டு புதுசு தடவறதுதான் முறை.

ஸ்டெயின்லெஸ்னா துருவே பிடிக்காதுதானே?

பிடிக்கும், மெதுவா. சுமார் பத்தரை சதவீதத்துக்கு மேல குரோமியம் இருந்தா ஸ்டெயின்லெஸ்னு சொல்லுவாங்க, ஆனா குரோமியம் கொஞ்சம் கார்பனோட சேர்ந்து கார்பைடாகிப் போயிடறதால மீதி இருக்கறதுதான் பாதுகாக்கும். டி2 ஸ்டீல்ல சுமார் 12 சதவீதம் குரோமியம் இருந்தும் புள்ளி புள்ளியா கறை பிடிக்கறது அதனாலதான். 1095 மாதிரி சாதா கார்பன் ஸ்டீல்னா வேர்வைக் கையால தொட்டுட்டு ராத்திரி விட்டா காலைல ரேகை துருவா தெரியும், ஒவ்வொரு தடவை யூஸ் பண்ணினதும் துடைச்சு மெலிசா ஆயில் தடவணும். கடல் பக்கம் புழங்கறவங்க எச்1, எல்சி200என் மாதிரி நைட்ரஜன் ஸ்டீல் வாங்கிட்டா பிளேடுக்கு ஆயில் கவலை கிட்டத்தட்ட இல்ல, ஆனா உள்ள இருக்கற ஸ்க்ரூவும் லைனரும் வேற ஸ்டீலா இருக்கலாம், அதை பாருங்க.

துப்பாக்கிக்கு வருவோம். ஆயிலா, கிரீஸா?

தொடறதுக்கு முன்னாடி தோட்டா அடுக்கற மேகசினை கழட்டி, சுடறதுக்கு தோட்டா போய் உக்கார்ற சேம்பரை கண்ணால பாத்து விரலாலயும் தடவிப் பாத்து காலின்னு உறுதி பண்ணுங்க, தோட்டாவெல்லாம் வேற ரூம்ல இருக்கட்டும். இது சும்மா சம்பிரதாயத்துக்கு சொல்றது இல்ல, க்ளீன் பண்ணும்போது வெடிச்ச கதை எல்லாமே காலின்னு நினைச்ச துப்பாக்கியோட கதைதான்.

பொதுவா பழக்கத்துல இருக்கற விதி: சறுக்கற இடத்துல கிரீஸ், சுழலற இடத்துல ஆயில். ஸ்லைடு ரெயில், சேம்பரை பின்னாடி அடைக்கற போல்ட்டோட லாக்கிங் லக் (பூட்டற பல்), பெரிய அழுத்தத்துல உரசற இடம் இதுக்கெல்லாம் கிரீஸ் நகராம நிக்கும். 1936-ல அமெரிக்க ராணுவம் ஏத்துக்கிட்ட எம்1 காரண்ட் ரைஃபிளுக்கு கிரீஸ்தான் சரின்னு ரொம்ப காலமா சொல்லிட்டு வர்றாங்க, அதுல போல்ட்டை இயக்கற ஆப்பரேட்டிங் ராடு அவ்வளவு பலமா உரசும். ரிவால்வர்ல சிலிண்டர் சுழலற கிரேன், சுட்ட உறையை வெளிய தள்ளற எஜெக்டர் ராடு, ட்ரிகர் ஊசிகள் இதுக்கு லேசான ஆயில் ஒரு சொட்டு. இந்த காலத்து பாலிமர் பிஸ்டல்களுக்கு மேனுவல்லயே நாலஞ்சு இடம் குறிச்சு ஒவ்வொரு சொட்டுன்னு போட்டிருப்பான், அதுக்கு மேல ஊத்தினா துப்பாக்கி சந்தோஷப்படாது. மேனுவல் உங்க கையில இருந்தா என்னை விட அதை நம்புங்க.

துப்பாக்கியில எங்கெல்லாம் ஆயில் போடவே கூடாது?

பேரல் உள்ள ஆயில் தேங்கியிருக்க சுடக்கூடாது. ஸ்டோரேஜுக்கு தடவினதை சுடறதுக்கு முன்னாடி காஞ்ச பேட்ச் (சின்ன துணித்துண்டு) விட்டு இழுத்துடணும், மெலிசா இருந்தா முதல் குண்டு குறி தப்பும், குளம் மாதிரி நின்னா அது ஒரு அடைப்பு, அழுத்தம் ஏறி பேரல் புடைச்சுக்கற அளவுக்கு போகலாம். சேம்பரும் காஞ்சு இருக்கணும். சுடும்போது தோட்டாவோட பித்தளை உறை விரிஞ்சு சேம்பர் சுவரை இறுக்கிப் பிடிக்கும், பின்னாடி தள்ளற விசையில கொஞ்சத்தை அந்த பிடிப்பு தாங்கிக்கும், எண்ணெயா இருந்தா பிடிப்பு போய் மொத்தமும் போல்ட் மேல வந்து இடிக்கும்.

தோட்டாவை அடிச்சு வெடிக்க வைக்கற ஃபயரிங் பின் ஓடற குழாய், அதே வேலை செய்யற ஸ்ட்ரைக்கரோட சேனல் ரெண்டும் காஞ்சதாவே இருக்கட்டும். அங்க ஆயில் போனா பித்தளைத் தூளும் பவுடர் கரியும் சேர்ந்து சேறாகி பின்னோட வேகத்தை குறைக்கும், தோட்டா அடியில மருந்தை பத்த வைக்கற பிரைமர் லேசா அடிபட்டு வெடிக்காது. தற்காப்புக்கு வெச்சிருக்கவங்களுக்கு இதுதான் ரொம்ப கெட்ட இடத்துல வர்ற கோளாறு. மேகசின் உள்ளயும் துடைச்ச காஞ்ச நிலை போதும். ஏன்னா அங்கதான் தோட்டா இருக்கு, ஊடுருவற தன்மை இருக்கற ஆயில் பிரைமர் ஓரமா உள்ள போனா மருந்து செத்துப் போக வாய்ப்பு இருக்கு. ஏற்கனவே எண்ணெய் பட்ட தோட்டாவை துடைச்சு திரும்ப வெச்சு நம்பிக்கிட்டு இருக்காதீங்க.

சால்வென்ட்டும் ஆயிலும் ஒண்ணு இல்லையா?

இல்ல. ஹாப்பிஸ் நம்பர் 9 மாதிரி பேரல் உள்பக்கத்துக்கான சால்வென்ட் 1903-ல இருந்து இருக்கு, அது கரியையும் பவுடர் கசடையும் கரைக்கறதுக்கு, அதை போட்டுட்டு அப்படியே விட்டா வழுக்கறதும் இல்ல பாதுகாப்பும் இல்ல. சால்வென்ட் போட்டு ஊற விட்டு, பிரஷ், பேட்ச், சுத்தமா வர்ற வரைக்கும் துடைச்சு, அப்புறம்தான் ஆயில். செம்பு ஒட்டியிருக்கறதை எடுக்க அமோனியா கலந்த சால்வென்ட் உண்டு, நிக்கல் பூச்சு இருக்கற துப்பாக்கியில அதை வெச்சிட்டு மறந்தா பூச்சு கிளம்பிடும். பிரேக் க்ளீனர், அசிட்டோன் ரெண்டும் பிளாஸ்டிக் கைப்பிடியை, கண்ணாடி மாதிரி இருக்கற செல்லுலாய்டை தின்னுடும். மடக்கு கத்திக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சாதுவானது.

பழைய ராணுவ தோட்டா சுட்டா துரு பிடிக்குதே, ஆயில் போட்டும் நிக்கல?

ஆயில் எவ்வளவு போட்டாலும் நிக்காது. பழைய பிரைமர்ல பொட்டாசியம் குளோரேட் இருக்கும், எரிஞ்சதும் பொட்டாசியம் குளோரைடு மிஞ்சும், அது நம்ம உப்புக்கு சொந்தக்காரன், காத்து ஈரத்தை இழுத்து வெச்சுக்கிட்டு பேரலை அரிக்கும். உப்பு எண்ணெயில கரையாது, தண்ணியிலதான் கரையும். அதனால சுட்ட அன்னைக்கே வெந்நீர் விட்டு அலசி, முழுசா காய வெச்சு, அப்புறம் ஆயில். துப்பாக்கிக்குள்ள தண்ணியான்னு பயப்படாதீங்க, உப்பை மூடி மேல எண்ணெய் தடவறதுதான் பயப்பட வேண்டிய விஷயம்.

கருமருந்து (பிளாக் பவுடர்) போட்டு சுடற பழைய பாணி துப்பாக்கிக்கும் இதே வெந்நீர் சோப்பு வழிதான். அதுல பெட்ரோலிய ஆயில் மிச்சம் இருந்தா சுடும்போது தார் மாதிரி கட்டிக்கும், அதனால அதுல சுடறவங்க தேன்மெழுகு, கொழுப்பு, தாவர எண்ணெய்னு போவாங்க, மேல தாவர எண்ணெயை திட்டினது பிவட்டுக்கு, அங்க அது சரி. பாலிஸ்டால் இந்த கூட்டத்துல ரொம்ப பிரபலம். 1900-களோட தொடக்கத்துல ஜெர்மன் ராணுவத்துக்காக வந்தது, உலோகம், மரம், தோல் எல்லாத்துக்கும் ஒரே எண்ணெய்ங்கற எண்ணத்துல, தண்ணியோட கலந்தா பால் மாதிரி ஆகும், லேசா காரத்தன்மை. வாசனை மட்டும் சிலருக்கு பிடிக்கும், சிலருக்கு வீட்டை விட்டு ஓடணும் போல இருக்கும்.

கார் இன்ஜின் ஆயில் போடறாங்களே, அது சரியா?

புது சிந்தடிக் இன்ஜின் ஆயில் துப்பாக்கியில நல்லாவே வேலை செய்யும், சூடு தாங்கும், தேய்மானத்தை குறைக்கற கலவை எல்லாம் அதுல இருக்கு. நிறைய பேர் வருஷக்கணக்கா போட்டு ஓட்டறாங்க, எனக்கு இதுல ஆட்சேபம் இல்ல. ஆனா பழமும் வெட்டற கத்தியில வேணாம், கையில பட்டா கழுவிடுங்க. கழட்டி எடுத்த பழைய இன்ஜின் ஆயில் மட்டும் எதுக்குமே வேணாம், அதுல உலோகத் தூளும் அமிலமும் மட்டும் இல்ல, புற்றுநோய் உண்டாக்கற சேர்மங்களும் சேர்ந்திருக்கும்.

டெஃப்லான், மாலிப்டினம், கிராஃபைட், சிலிக்கான்... இதெல்லாம் தேவையா?

மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கிரீஸ் பெரிய அழுத்தத்துக்கு நல்லது, கை கருப்பாகும். டெஃப்லான் துகள் கலந்த ஆயிலை குலுக்கிட்டு போடணும், இல்லன்னா எல்லாம் அடியில தங்கிடும். டெஃப்லான் பட்ட கையோட சிகரெட் பிடிக்காதீங்க, அந்த நெருப்புல சிதைஞ்சு வர்ற புகையால காய்ச்சல் வர்றது மருத்துவத்துல தெரிஞ்ச விஷயம். கிராஃபைட் தூள் பூட்டுக்கு சரி, ஆனா அலுமினியம் பாடி இருக்கற ரைஃபிள்ல வேணாம், ஈரம் சேர்ந்தா அலுமினியத்துக்கும் கிராஃபைட்டுக்கும் நடுவுல பேட்டரி மாதிரி மின்வேதி அரிப்பு ஆரம்பிக்கும். சிலிக்கான் ஸ்பிரே ரப்பர், பிளாஸ்டிக்குக்கு ஓகே, இரும்பும் இரும்பும் அழுத்தி உரசற இடத்துல பலவீனம்.

கடுங்குளிர், தூசி இருக்கற இடத்துல என்ன பண்றது?

1941 குளிர்காலத்துல கிழக்கு போர்முனையில ஜெர்மன் படையோட ஆயுதங்கள்ல ஆயில் கெட்டியாகி சுடவே முடியாம போனது வரலாறு. குளிர்ல கிரீஸை மொத்தமா துடைச்சுட்டு மெலிசான சிந்தடிக் ஆயில், அதுவும் துளி. இன்னொன்னு, வெளிய உறைஞ்சு கிடந்த துப்பாக்கியை கதகதப்பான ரூமுக்குள்ள கொண்டு வந்தா உள்ள வெளிய எல்லாம் வேர்க்கும், அதை துடைக்காம விட்டுட்டு ஆயிலை குறை சொல்லக்கூடாது. தூசி இடத்துல வெளிய தெரியற எல்லா பரப்பையும் காஞ்சதா வெச்சு உள்ள உரசற இடத்துல மட்டும் போடுங்க, போட்டதை அடிக்கடி துடைச்சு மாத்துங்க, அதுல சோம்பல் படறவங்களுக்கு எந்த விலை உயர்ந்த ஆயிலும் உதவாது.

மாசக்கணக்கா எடுக்க மாட்டேன், எப்படி வெச்சுட்டு போறது?

இங்க வழுக்கற வேலை இல்ல, துரு தடுக்கற வேலை மட்டும், அதனால கெட்டியா ஒட்டற சாமான் வேணும். துரு தடுக்கற கிரீஸ், லானோலின், பழைய ராணுவ பாணி காஸ்மோலின், எதுவும் கிடைக்கலன்னா பெட்ரோலியம் ஜெல்லி கூட. பிளேடு எண்ணெயா இருக்க வேணாம்னு நினைக்கறவங்களுக்கு மைக்ரோ கிரிஸ்டலைன் மெழுகு, ரினைசன்ஸ் வேக்ஸ்னு ஒண்ணு 1950-கள்ல பிரிட்டிஷ் மியூசியத்துல அருங்காட்சிப் பொருள்களுக்காக உருவானது, தடவி துடைச்சா விரல் ரேகை கூட பதியாது.

தோல் உறை, ஹோல்ஸ்டருக்குள்ள வெச்சு மூடாதீங்க. தோல் பதனிடற ரசாயனமும் அது இழுத்து வெச்சிருக்கற ஈரமும் இரும்புக்கு எமன். காத்துல ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு கீழ இருக்கற மாதிரி பெட்டி, உள்ள சிலிக்கா ஜெல், அது நனைஞ்சா சூடு பண்ணி திரும்ப காய வைக்கணும், இதை பண்ணினா ஆயில் பாதி வேலையை செஞ்சா போதும். மரக்கட்டை இருக்கற நீளத் துப்பாக்கியை நிறைய ஆயில் போட்டு நிமிர்த்தி வெச்சா எண்ணெய் இறங்கி அந்த மரக்கட்டையான ஸ்டாக்குக்குள்ள ஊறி மரம் மெத்துன்னு ஆகிடும், வாய்ப்பக்கம் கீழ வெச்சு சாய்க்கலாம்.

லேசா துரு வந்துடுச்சு, ஆயில் போட்டா போயிடுமா?

போகாது, ஊற வெச்சா இளகும். ஆயில் தடவி சில மணி நேரம் விட்டு, மிக மெலிசான ஸ்டீல் வூல், நாலு சைபர்னு சொல்ற கிரேடு, அதையும் எண்ணெயில நனைச்சு மெதுவா தேய்ங்க. நீலக்கருப்பு புளூயிங் இருக்கற துப்பாக்கின்னா ரொம்ப பொறுமையா, ஏன்னா புளூயிங்கும் இரும்பு ஆக்ஸைடுதான், துருவை எடுக்கற சாமான் அதையும் சேர்த்து எடுக்கும். வினிகர், துரு ரிமூவர் அமிலம் எல்லாம் புளூயிங்கை நிமிஷத்துல காலி பண்ணிடும். கார்பன் ஸ்டீல் கத்தியில வர்ற சாம்பல் நிறப் படலமான பாட்டினாவை துருன்னு நினைச்சு தேய்ச்சு எடுக்காதீங்க, செம்பழுப்பு நிறம்தான் எதிரி.

துடைச்ச துணியை என்ன பண்றது?

மினரல் ஆயில் துணின்னா மூடி போட்ட டப்பாவுல போட்டு, ஆயில் கழிவு வாங்கற இடத்துல சேருங்க. மரப்பிடிக்கும் ஸ்டாக்குக்கும் ஆளி விதை எண்ணெய் தடவறவங்க ஜாக்கிரதையா இருக்கணும், அது காயும்போது சூடு வெளிவிடும், துணியை கசக்கி மூலையில போட்டா நெருப்பு வெக்காமலே தானா பத்திக்கும். விரிச்சு வெளிய காயப் போடுங்க, இல்லன்னா தண்ணியில முக்கி இரும்பு டப்பாவுல மூடி வையுங்க.